டாக்டரிடம் சொன்ன கல்யாணப் பேச்சு

…அது இல்லை சாவித்திரி. கடைசி வீட்டுக்காரி சொல்லிக்கொண்டு திரிகிற கதை வேறு, நடந்தது வேறு. என் மஞ்சு பிள்ளையைத் தொலைக்கவில்லை. வேன் நிற்கிற இடத்துக்குப் போக மறந்தாள். இரண்டுக்கும் இருக்கிற வித்தியாசம் இந்த ஓசூர்த் தெருவில் ஒருத்தருக்கும் புரியாது. பெங்களூரில் ஒரு டாக்டரம்மாவுக்குத்தான் புரிந்தது. அந்த அம்மாவைத் தேடிப் பிடித்த கதையைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். நீ எழுது.

நான் பேசுவதை அப்படியே போடாதே. போன வாரம் மாதிரி நல்ல தமிழாக்கிப் போட்டுவிடு. கதையில் நானும் மற்றவர்களும் பேசிக்கொண்டதை மட்டும் பேசினபடியே வை. அதைத் திருத்தினால் அவர்கள் முகம் எனக்கு மறந்துபோகும்.

அந்த அவரைக்கொட்டைப் பாத்திரத்தை இப்படித் தள்ளு. பிதுக்கிக்கொண்டே சொல்கிறேன். கை சும்மா இருந்தால் எனக்கு வாய் ஓடாது. பார், நன்றாக ஊறியிருக்கிறது, தொட்டாலே தோல் கழன்று பருப்பு வெளியே குதிக்கிறது. இந்தப் பனிக்கு இதைக் குழம்பு வைத்துக் களியோடு சாப்பிட்டால், அடடா! உங்கள் திருநெல்வேலிப் பக்கம் இது கிடையாதாமே. பாவம் நீங்கள்.

"ஆச்சி, மோட்டார் போட்டுட்டு வந்திருக்கீங்களா? சத்தம் கேக்குது."

பக்கத்தில் எங்கள் வீட்டில் போட்டுவிட்டுத்தான் இங்கே வந்தேன். தொட்டி நிரம்புகிற நேரத்துக்கு என் இடுப்பில் இருக்கிற போன் கூப்பிடும். அதை அப்புறம் சொல்கிறேன்.

ஜரிகை வைத்த பாவாடை

அன்றைக்கு மஞ்சுவுக்குக் கம்பெனியில் விடுப்பு. மாப்பிள்ளைக்கு ஷிப்ட். என் பேத்தி நிலா அப்போது ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் ஆடுவதற்கு அவளுக்கு ஒரு பாவாடை வேண்டும். அதைத் தைக்க மஞ்சு மிஷினில் உட்கார்ந்தாள்.

ஜரிகை கோணிக்கொண்டது. பிரித்தாள். மறுபடியும் தைத்தாள். மறுபடியும் பிரித்தாள். வெளியே மழை கட்டிக்கொண்டு வந்தது அவளுக்குத் தெரியவில்லை. போன் அடித்தது காதில் விழவில்லை. என் மகளுக்கு இப்படித்தான். பத்து வேலையில் ஒன்பதைப் பாதியில் விடுவாள். பத்தாவதில் விழுந்தாள் என்றால் வீடே இடிந்தாலும் எழுந்திருக்க மாட்டாள்.

வேன் வந்து நிலாவை இறக்கிவிட்டுப் போய்விட்டது. ஹைவே ஓரத்துச் சின்ன ரோடு, லாரிகள் வரிசையாக நிற்குமே, அங்கே. பஞ்சர் கடைக்காரர் சம்சாரம் பார்த்துத் தார்ப்பாய்க்குக் கீழே நிறுத்தி வைத்திருக்கிறாள். இப்போது வருவாள், அப்போது வருவாள் என்று பார்த்துவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவளே பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்தபோது மஞ்சுவின் உதட்டில் ஊசி நூல் இருந்ததாம்.

நிலா அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சொன்னதெல்லாம் இவ்வளவுதான்:

"எல்லா வேனும் போயிடுச்சும்மா. நான் லாரி எண்ணிக்கினு இருந்தேன்."

நான் அப்போது வேப்பனப்பள்ளியில் எங்கள் மாந்தோப்பில் இருந்தேன். சேதி கேட்டு ஓடி வந்தேன். எனக்கு முன்னாலேயே மஞ்சுவின் மாமியார் சிங்காரப்பேட்டையிலிருந்து வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கெட்ட மனுஷி இல்லை. சத்தம்கூடப் போடவில்லை.

"இது மொத தடவையா சம்மந்தி? அடுப்ப அணைக்காம கடைக்குப் போனா. புள்ளைக்குக் காய்ச்சல் மருந்த குடுத்ததை மறந்துட்டு இன்னொருவாட்டி குடுத்தா. நான் கெட்ட எண்ணத்துல சொல்லல. எம்பேத்தி உசுரோட இருக்கணும். நான் இட்டுகினு போறேன். இவ தலை சரியாகட்டும், அப்பறம் பாக்கலாம்."

"எல்லாரும் மறக்கறதுதானே சம்மந்தி," என்றேன் நான்.

"நானும் மறப்பேன். உப்பு போட்டனா இல்லயான்னு மறப்பேன். புள்ளைய மறப்பனா?"

மாப்பிள்ளை ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டே இருந்தார். கட்டி முடித்ததை அவிழ்த்து மறுபடி கட்டினார். மஞ்சு பீரோவைத் திறந்தாள். நிலாவின் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். அந்தப் பாவாடையையும் வைத்தாள். ஒரு பக்கம் ஜரிகை இருந்தது, ஒரு பக்கம் இல்லை.

அன்றைக்கு மஞ்சுவோடு தங்கியவள்தான் நான். தோப்பை எங்கள் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். நீ குடிவந்தது அதற்கப்புறம்தான், உனக்குத் தெரியாது.

அணையில் நுரை

இதை எழுதலாமா வேண்டாமா என்று மஞ்சுவைக் கேட்டேன். எழுதச் சொல்லிவிட்டாள்.

ஒருநாள் முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் வந்துவிட்டது. அவள் வரவில்லை. கூட வேலை செய்கிற பெண் ஒருத்தி, "மஞ்சுக்கா வழியிலயே எறங்கிட்டாங்க, கெலவரப்பள்ளி டேமுக்குப் போற ரோட்டுல," என்றாள். ஆட்டோவில் ஏறினவள் ஓட்டுகிற தம்பியிடம் கன்னடத்தில் பேசினேனா தெலுங்கில் பேசினேனா என்றே தெரியாது.

அணைக்கட்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கம்பெனி யூனிபார்மோடு. கீழே ஆற்றில் வெள்ளை நுரை, பஞ்சு மூட்டையை அவிழ்த்துக் கொட்டினாற்போல் மிதந்து போய்க்கொண்டிருந்தது. பார்க்க அழகாகவும் இருந்தது, நாற்றமும் அடித்தது.

"எதுக்குடி இங்க வந்தே?"

"தெரியலம்மா. பஸ்ல இருந்து எறங்கினேன். எதுக்கு எறங்கினேன்னு மறந்துட்டேன்."

அது நிஜமா பொய்யா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை என் மடியில் வைத்துக்கொண்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காதா, அங்கேயும் ஏதேதோ பேசினேன். நுரையைப் பற்றி, மீனைப் பற்றி, எங்கள் ஊரில் சினை கலைந்த பசு ஒன்றைப் பற்றி. அவள் கேட்கவில்லை. ஆனால் எழுந்து வந்தாள்.

நாலு இங்கிலீஷ் எழுத்து

மஞ்சு பார்க்கிற வேலை தெரியும் அல்லவா? கம்ப்யூட்டருக்குள்ளே இருக்கிற பச்சை அட்டை. லென்ஸ் வழியாகப் பார்த்து, அதில் எந்தப் பொட்டு விட்டுப்போயிருக்கிறது என்று சொல்ல வேண்டும். நாள் முழுக்க அதே அட்டை. அவள் கண் பார்த்துக்கொண்டே இருக்கும், மனசு எங்கேயோ போயிருக்கும். பொட்டு இல்லாத அட்டை அவளைத் தாண்டிப் போய்விடும். பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அங்கேயும் திட்டு. இது எத்தனையாவது கம்பெனி என்று எனக்கே கணக்கில்லை.

ஒருநாள் பஸ்ஸில் வரும்போது போனில் ஏதோ பார்த்திருக்கிறாள். ஒரு பெண் பேசுகிறாளாம். சின்ன வயதிலிருந்து சோம்பேறி, பொறுப்பில்லாதவள் என்று பேர் வாங்கினேன், முப்பது வயதுக்கு மேல்தான் இது ஒரு குறைபாடு என்று டாக்டர் சொன்னார், என்று. மஞ்சு வீட்டுக்கு வந்து என்னை உட்கார வைத்துப் போட்டுக் காட்டினாள்.

"அம்மா, இந்தப் பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியாது. ஆனா எங்கதைய சொல்றா."

அதற்கு நாலு இங்கிலீஷ் எழுத்தில் ஒரு பேர். ஏ.டி.எச்.டி. சரியாகச் சொன்னேனா? நீ பார்த்து எழுதிக்கொள். கவனம் ஓர் இடத்தில் நிற்காது, அதுதான் விஷயம்.

பேர் தெரிந்துவிட்டது, டாக்டர் கிடைக்க வேண்டுமே. ஓசூரில் வழக்கமாகப் போகிற டாக்டரிடம் போனோம். ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டு இல்லை, சர்க்கரை இல்லை. "டென்ஷன்மா, நல்லா தூங்குங்க," என்றார். கிருஷ்ணகிரியில் ஓர் ஆஸ்பத்திரி. மனசுக்குப் பார்க்கிற டாக்டர் வருகிற நாளாகப் பார்த்துப் போனோம். திருவிழாக் கூட்டம். அந்த டாக்டர் நல்ல பிள்ளைதான், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "பெரியவங்களுக்கும் இது இருக்கும்மா. ஆனா இத முழுசா பாக்க நேரம் வேணும். இங்க எனக்குப் பின்னால எத்தன பேர் நிக்கறாங்க பாருங்க. பெங்களூர் போங்க," என்றார்.

வெளியே வந்தால் மஞ்சு பையைக் காணோம் என்கிறாள். டாக்டர் மேஜையிலேயே விட்டுவிட்டாள். போய் எடுத்து வந்தாள். கையில் பை இருந்தது, இப்போது குடையைக் காணோம். சிரிப்பும் வந்தது எனக்கு. அவளுக்கு வரவில்லை.

மாந்தோப்பில் பேசின பேச்சு

பெங்களூரில் டாக்டரம்மா கிடைத்தார். முன்னாலேயே சொல்லி நாள் வாங்க வேண்டும். வாங்கினபோதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்கள்: இவளைச் சின்ன வயதில் பார்த்து வளர்த்த ஒருத்தர் கூட வர வேண்டும்.

நான் புடவை மாற்றித் தயாராக நின்றேன். எங்கள் வீட்டுக்காரர் தோப்பிலிருந்து வந்து இறங்கிவிட்டார். "டாக்டர்கிட்ட பேசற எடம். நீ போனா பேசிகினே இருப்பே. நான் போறேன்." மாப்பிள்ளையும் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தார். ஒரே காரில் மூன்று பேரும் அத்திப்பள்ளி எல்லை தாண்டிப் போனார்கள். நான் வாசலில் நின்று கை காட்டினேன்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மஞ்சுவுக்கு மாப்பிள்ளை பார்த்த காலம். ஆந்திரப் பக்கம் குப்பத்திலிருந்து, கிருஷ்ணகிரியிலிருந்து, கோலாரிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வருகிறவர்களை எங்கள் வீட்டுக்காரர் மாமரத்து நிழலில் உட்கார வைத்து, ஒரே பேச்சைத்தான் பேசுவார்:

"எம்பொண்ணு அதிர்ந்து நடக்கமாட்டா. ஒரு தடவ சொன்னா போதும், மறுபடி சொல்ல வேணாம். படிப்புல கெட்டி. அடுப்படி வேலையில அவங்கம்மாவ விட சுத்தம்."

தோப்புக் கிளிகளுக்கே அது மனப்பாடம் ஆகியிருக்கும். ஒருதடவை அவர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, காபி கொண்டு வர வேண்டியவளைக் காணோம். போய்ப் பார்த்தால் தட்டு கிணற்று மேட்டில் இருக்கிறது, காபியில் ஈ மொய்க்கிறது. இவள் ஆட்டுக்குட்டி ஒன்றின் பின்னால் பக்கத்துத் தோப்புக்குப் போய்விட்டாள், பட்டுப்புடவையோடு. "வெக்கப்படுதுங்க," என்றார் இவர், கொஞ்சமும் அசராமல். வந்தவர்களும் தலையாட்டினார்கள்.

அந்தப் பேச்சை நம்பித்தான் சிங்காரப்பேட்டைக்காரர்கள் பெண் எடுத்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் சொன்னதைப் பின்னால் மாற்றினால், குறையை மறைத்துக் கட்டிவைத்தோம் என்று ஆகாதா? எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய பழி இல்லை.

இப்போது டாக்டர் அறைக்கு வா. மஞ்சு ஒரு பக்கம், அவள் அப்பா ஒரு பக்கம், நடுவில் மாப்பிள்ளை.

"சின்ன வயசுல இவங்க எப்படி இருந்தாங்க சார்? மறதி இருந்துச்சா? பொருளத் தொலைப்பாங்களா? ஸ்கூல்ல ஏதாவது கம்ப்ளெய்ண்ட்?" என்று டாக்டரம்மா கேட்டிருக்கிறார்.

இவர் மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார்:

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க டாக்டர். எம்பொண்ணு அதிர்ந்து நடக்கமாட்டா. ஒரு தடவ சொன்னா போதும்…"

மாமரத்து நிழல் பேச்சு முழுவதும், ஒரு வார்த்தை குறையாமல். டாக்டரம்மா மஞ்சுவைப் பார்த்து, "அப்பா சொல்றது சரியா?" என்று கேட்டார். அப்பாவுக்கு எதிராக, அதுவும் கட்டினவர் முன்னால், என் மகள் என்ன சொல்வாள்? "ஆமாங்க," என்றாள்.

டாக்டரம்மா மேலே எவ்வளவோ கேட்டுப் பார்த்திருக்கிறார். இவர் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில், இது சின்ன வயதிலேயே தொடங்குகிற விஷயம், அப்போது ஒன்றுமே இல்லை என்றால் இப்போது இதுதான் என்று என்னால் சொல்ல முடியாது, வேறு யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு மறுபடி வாருங்கள், என்று சொல்லி, தூக்கத்துக்கு மட்டும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மறுபடி நாள் கிடைக்க வேண்டுமே! மா பூத்திருந்தபோது போனவர்கள். காய் இறக்கி முடிந்த பிறகுதான் அடுத்த நாள் கிடைத்தது.

திரும்பி வந்த காரில் இவர் மஞ்சுவுக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தாராம். அவள் ஒவ்வொன்றாக உரித்து, பருப்பைச் சன்னலுக்கு வெளியே போட்டுவிட்டுத் தோலைக் கையில் வைத்துக்கொண்டே வந்தாளாம். இவர் பார்த்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்து, "மானத்த காப்பாத்திட்டன்," என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை…

"அம்மா, மோட்டார நிறுத்து. தொட்டி நெறஞ்சிடும். அம்மா, மோட்டார நிறுத்து."

பயந்துவிட்டாயா? இதுதான் நான் சொன்னது, இடுப்பில் இருந்து கூப்பிடுகிறது பார். இரு, வந்துவிட்டேன்.

மறுபடி உட்கார்ந்தது

மோட்டாரை நேரத்துக்கு முன்னாலேயே போட்டுவிட்டேன் போலிருக்கிறது, எல்லாம் வழிந்து வாசலெல்லாம் தண்ணீர். துடைப்பம் மிதக்கிறது. இரண்டு கையாலும் தள்ளிவிட்டு வருகிறேன். அந்தத் துண்டைக் கொடு.

மஞ்சு குரல்தான் அது. எனக்கு எழுத்தும் தெரியாது, மணி பார்க்கவும் வராது. முள் வைத்த கடிகாரமானாலும் எண் காட்டுகிறதானாலும் எனக்கு ஒன்றுதான். அதனால் அவள் தன் குரலைப் போனில் பிடித்து, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நேரம் வைத்திருக்கிறாள். மோட்டாருக்கு ஒன்று. என் பிரஷர் மாத்திரைக்கு ஒன்று. சாயங்காலம் நிலா வேனுக்கு ஒன்று: "அம்மா, வேன் வந்துரும். செருப்பு போட்டுக்கோ. நிலா நிக்கும்." நான் கையால் நிறுத்துகிற வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அந்த வேன் குரலைப் பிடிக்கும்போது நடுவிலேயே நிறுத்திவிட்டாள். "நிலா நிக்கும்" என்கிற இடத்தில். திரும்பத் திரும்பப் பேசிப் பிடித்தாள்.

எங்கே விட்டேன்?

"பெரியவர் சாப்பிடல, அங்க நிறுத்துனீங்க ஆச்சி."

ஆமாம். அடுத்த முறை நான் போனேன். மாப்பிள்ளையும் வந்தார். அவர் முன்னால் எல்லாவற்றையும் எப்படிச் சொல்வது? டாக்டர் அறை வாசலில் நின்று, "மாப்பிள்ளை, நீங்க போயி ஒரு டீ சாப்பிட்டு வாங்களேன்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "இல்ல அத்த. நானும் இருக்கறேன். மாமா என்னைப் பார்த்துப் பார்த்துதான் பேசினாரு, அது எனக்குத் தெரியும். நீங்க என்னைப் பாக்காம பேசுங்க."

சரிதான் என்று டாக்டரம்மாவுக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். சின்ன வயதுக்காரி. அரைத் தமிழ், அரைக் கன்னடம். நான் கன்னடத்தில் ஒரு வார்த்தை விட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "ஹேளி அம்மா, ஹேளி," என்றார். சொல்லு சொல்லு என்று ஒருத்தர் என்னைப் பார்த்துச் சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எல்லாரும் போதும் போதும் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

சொன்னேன். கல்லுப்பு வாங்கப் போனவள் பொழுது சாயக் கையை வீசிக்கொண்டு வந்ததை. வழியில் எறும்பு வரிசை ஒன்று புழுவை இழுத்துப் போனதாம், அது புற்றுக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் உட்கார்ந்து பார்த்தாளாம். சிலேட்டு தொலைத்ததை, அதற்கு வாங்கித் தந்த சிலேட்டும் தொலைந்ததை. வாத்தியார் கேள்வி கேட்டால் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு இருப்பாள், காதுகூடக் கேட்காதோ என்று சொல்லியனுப்பினார்கள். மாங்கன்றுக்குத் தண்ணீர் விட்ட குழாயை அப்படியே போட்டுவிட்டுப் போய், பக்கத்துக்காரர் தக்காளி முழுக்க அழுகிப்போய் ஊரே கூடினதை. காபித் தட்டையும் ஆட்டுக்குட்டியையும்கூடச் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை அங்கே குபீரென்று சிரித்துவிட்டார். மஞ்சுவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

டாக்டரம்மா ஒருதடவைகூட மணி பார்க்கவில்லை. நடுவில், என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்று நானே தடுமாறி நின்றபோது, பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"அம்மா, நீங்க ஸ்கூலுக்குப் போனீங்களா?"

"எங்கம்மா போனேன்! கொஞ்ச நாள் போனேன். இந்தப் பொண்ணு ஓரிடத்துல குந்தமாட்டேங்குது, மத்த புள்ளைங்களையும் கெடுக்குதுன்னு வாத்தியார் திருப்பி அனுப்பிட்டாரு. எங்கப்பன் மாட்டைப் புடிச்சுக் கையில குடுத்துட்டான். மாட்டையும் தொலச்சேன், அது வேற கதை."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இது குடும்பத்துல வரும்மா. உங்களுக்கும் இருக்கலாம். வேணும்னா ஒரு நாள் உங்களையும் பாக்கறேன்."

"எனக்கெதுக்கு டாக்டரம்மா? இனிமே நான் போயி பரிட்சையா எழுதப்போறேன்?"

அப்படிச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் படியிறங்கும்போது திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் குந்தாத அந்தச் சின்னப் பெண் என் கூடவே இறங்கி வருகிற மாதிரி.

மஞ்சுவுக்கு அதுதான் என்று டாக்டரம்மா முடிவாகச் சொல்லிவிட்டார். வெளியே நடையில் நின்று மஞ்சு என்னைக் கேட்டாள்:

"அப்ப நான் சோம்பேறி இல்லயாம்மா?"

சிங்காரப்பேட்டையில் நான் சொன்னது

மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது இங்கே ஓசூரில் கேட்ட கடையிலெல்லாம் இல்லை, தீர்ந்தால் எல்லை தாண்டித்தான் வாங்க வேண்டும். காலையில் ஒன்று. முதல் நாள் சாப்பிட்டுவிட்டு வந்து சொன்னாள்: "கம்பெனியில திடீர்னு கரண்ட் போனா எல்லா மிஷினும் நின்னு ஒரு அமைதி வரும்ல, தல அப்படி இருக்கும்மா." சந்தோஷமாகச் சொன்னவள் அப்படியே உட்கார்ந்து அழுதாள். பாலிடெக்னிக்கை முடித்திருப்பேனே என்றாள். நிலா பேசின முதல் வார்த்தைகள் எனக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லையே என்றாள். மாத்திரை முன்னால் இருப்பதைச் சரிசெய்யும், பின்னால் போனதை என்ன செய்யும்?

பசி குறைந்துவிட்டது. இளைத்துவிட்டாள், நீயே பார்க்கிறாய். ஆனால் மறுபடியும் லென்ஸ் வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

இனிப் பிள்ளையைக் கேட்கலாம் என்று அரைப் பரீட்சை லீவில் சிங்காரப்பேட்டைக்குப் போனோம். நிலா அங்கே வளர்ந்துவிட்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. பாட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

சம்பந்தியம்மா காபி கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

"பையன் எல்லாம் சொன்னான். வியாதின்னா வியாதிதான், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா மெண்டல் டாக்டர் குடுத்த மாத்திரை சாப்பிடறவகிட்ட புள்ளைய தனியா வுடச் சொல்றீங்களா? என்னால முடியாது சம்மந்தி. நீங்க கூட இருக்கறதுன்னா சொல்லுங்க. வேனுக்குப் போறது, அடுப்பு, மருந்து, எல்லாம் உங்க பொறுப்பு. அப்படின்னா இட்டுகினு போங்க."

மஞ்சு தலை நிமிரவில்லை. மாத்திரையை விழுங்கிவிட்டு வந்து, தன் பிள்ளைக்குத் தானே பொறுப்பு என்று சொல்ல வந்தவள் அவள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கையைக் கட்டிக்கொண்டேன்.

"எனக்கென்ன சம்மந்தி, கண்ணு நல்லா தெரியுது, காது நல்லா கேக்குது. ஒரு தடவ சொன்னா போதும், மறுபடி சொல்ல வேணாம். ஒண்ணையும் மறக்கமாட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று எனக்கே காதில் விழுந்தது. மஞ்சு அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

பஸ் ஊத்தங்கரை தாண்டியது. நிலா என் மடியில் தூங்கிவிட்டாள். அப்புறம் மஞ்சு மெதுவாகக் கேட்டாள்:

"டாக்டர் உன்னைப் பத்தி சொன்னத அத்தைகிட்ட சொல்லலயேம்மா?"

"நீ சொன்னியா?"

"இல்ல."

"மாப்பிள்ளை?"

"அவரும் சொல்லல."

மூன்று பேரும் சொல்லவில்லை. புளியமரங்கள் போய்க்கொண்டிருந்தன. மறுநாள் உட்கார்ந்துதான் மஞ்சு தன் குரலையெல்லாம் என் போனில் பிடித்தாள். இந்தத் திங்கட்கிழமையிலிருந்து நிலா பழைய பள்ளிக்கூடம், பழைய வேன். அந்தப் பழைய கதையைக் கடைசி வீட்டுக்காரி மறுபடி தூசி தட்டுவது அதனால்தான். ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு நாளும் நான் வேனுக்கு முன்னாலேயே போய் நின்றுவிட்டேன், ஆமாம். பஞ்சர் கடைக்காரர் சம்சாரம்கூடக் கேட்டாள், "இன்னாம்மா, வேன் வர்றதுக்கு இவ்ளோ முன்னாலயே வந்துட்டே?" என்று.

"ஆச்சி, நான் ஒண்ணு சொன்னா கோவிக்க மாட்டீங்களே? நீங்களும் ஒருக்க அந்த டாக்டர்ட்ட காட்டலாம்லா?"

காட்டலாம் சாவித்திரி. நீ பாட்டுக்கு மிக்சியில் தேங்காயை அரை, நான் சத்தமாகவே சொல்கிறேன். மஞ்சுவும் சொல்கிறாள். காட்டினால் டாக்டர் ஆமாம் என்று சொல்லிவிடுவாரே, அப்புறம் சிங்காரப்பேட்டைக்கு நான் என்ன பதில் சொல்வது? பிள்ளை இங்கே இருப்பது என் பேரில். எனக்கும் அதுதான் என்று ஆகிவிட்டால்…

இரு. அந்த மிக்சியை நிறுத்து. யாரோ பேசுகிறார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம். எங்கள் வீட்டில்தான். மஞ்சுவா? மஞ்சு கம்பெனியில் அல்லவா இருக்கிறாள்?

என் இடுப்பில் போன் இல்லை. மோட்டார் சுவிட்சுக்கு மேலேயே வைத்துவிட்டுத் தண்ணீர் தள்ளினேன்.

"அம்மா, வேன் வந்துரும். செருப்பு போட்டுக்கோ. நிலா நிக்கும். அம்மா, வேன் வந்துரும்…"

எவ்வளவு நேரமாகக் கூப்பிடுகிறாள்? மிக்சி போடுவதற்கு முன்னாலேயா, பின்னாலேயா? நீ கேட்டாயா? நகரு சாவித்திரி, பருப்பு கொட்டினால் கொட்டட்டும், கதவைத் திற. செருப்பு வேண்டாம், நான் போகிறேன்…